நாற்பத்தொரு நாள் வரவில்லை

கொஸ்லந்த,
14.07.2024

அன்புள்ள தர்மிளா அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். குளிர் கூடும் நாட்களில் ஒப்பரேஷன் தையல் இழுக்கிறது என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மட்டக்களப்பு வெயிலில் உன் தலையிடி எப்படி இருக்கிறது? கல்லூரி விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று உன் அறைத் தோழிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டிலிருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில். நீ அனுப்பும் மெசேஜை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தருகிறார். தோட்டத்து ஒபிசுக்கு வரும் கடிதமும் கணக்கப்பிள்ளையான அவர் கையைத் தாண்டித்தான் வரும். ஆகவே பாடசாலை முகவரிக்கே எழுது.

நவம்பரில் எங்களுக்கு உயர்தரப் பரீட்சை. அதற்கு முன் பிரியாவிடை விழா, விழாவுக்கு ஒரு நினைவு மலர். பொறுப்பாசிரியர் தனேஸ்வரன் சேர், எழுதுவது நான். எங்கள் வகுப்பின் இருபத்துமூன்று பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். ஆளுமை, பொழுதுபோக்கு, பாடசாலைச் செயற்பாடுகள் என்று தலைப்புப் போட்டுப் படிவம் கொடுத்தேன். நிரப்பித் தந்ததை வாசித்தபோது வாய் கசந்தது. பதினேழு பேரின் பொழுதுபோக்கு முத்திரை சேகரித்தல். நிமலன் என்னிடம், “முத்திரைன்னா சம்பளத்தன்னிக்கு ஒட்டிக் கையெழுத்து வைப்பாங்களே, அதுவா?” என்று கேட்டுவிட்டு அவனும் அதையே எழுதினான். ஆளுமை என்ற இடத்தில் எல்லோருக்கும் தலைமைத்துவப் பண்பு. இத்தனை தலைவர்கள் இருக்கும் வகுப்பில் கரும்பலகையை அழிக்க ஆளில்லை.

பொய் சொல்லாதவள் சுலோஜனா மட்டும்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துச் சுலோ. ‘ஆளுமை: கோபக்காரி, மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். பொழுதுபோக்கு: தனேஸ்வரன் சேரைப் போலப் பேசுதல். செயற்பாடுகள்: வொலிபோல் அணித் தலைவி. கணினி அறையைப் பூட்டுபவள், ஏனென்றால் கடைசியாக வெளியே வருபவள்.’

இந்த மலரை வெறும் மலர் என்று நினைக்காதே. கொழும்பிலுள்ள ஒரு நிதியம் எங்கள் பாடசாலையிலிருந்து ஒருவரை எடுத்து, விடுதியும் தந்து மூன்று வருடம் கணினி படிப்பிக்கப் போகிறது. இந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிவுசெய்வார்களாம். அந்த இடம் சுலோவுக்குக் கிடைக்க வேண்டும். வேறு யாருக்குக் கிடைத்தாலும் எனக்கு வாந்தி வரும்.

உன் தங்கை,
துஷாந்தினி


மட்டக்களப்பு,
29.07.2024

அன்புத் தங்கை துஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலையிடி இப்போது கிழமைக்கு ஒருமுறைதான். அம்மாவைப் பாரம் தூக்க விடாதே.

முத்திரைக் கதையை அறையில் வாசித்துக் காட்டினேன், உருண்டு சிரித்தார்கள். ஆனால் ஒன்று. கற்பித்தல் பயிற்சிக்கு நாங்கள் போன பாடசாலைக்கும் இப்படி ஒரு நிதியம் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. கஷ்டம் யாருக்கு அதிகம் என்று தேடினார்கள். சுலோவுக்கு அந்த இடம் வேண்டுமானால் அவளுடைய பகிடியை எழுதி என்ன பயன்? உனக்கு எழுத வரும். அதைப் பிரயோசனப்படுத்து.

பரீட்சைக்கும் கொஞ்சம் படி.

அக்கா
தர்மிளா


கொஸ்லந்த,
20.08.2024

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாக மழை. அம்மா சுகம், உனக்குப் பொடி இடித்து வைத்திருக்கிறார், யாராவது மட்டக்களப்புப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவார்.

சுலோவின் பக்கத்தை முதலில் அவள் எழுதித் தந்தபடியே செய்துகொண்டு போனேன். தனேஸ்வரன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பிள்ளை, சிரிப்புக்கு ஆர் இடம் குடுப்பினம்? வாசிக்கிற ஆளின்ரை கண் நனைய வேணும். உமக்குத் தெரியாததே, அந்தப் பிள்ளையின்ரை வீட்டு நிலைமை?” என்றார். அவருக்குப் பிடித்த மாதிரி எழுதக் கூடாது என்ற வீம்போடுதான் வீட்டுக்கு வந்தேன். எழுதத் தொடங்கியபோது கை நிற்கவில்லை. இருபத்திரண்டு பொய்ப் பக்கங்களுக்கு நடுவே ஒரு உண்மைப் பக்கம் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதோ:

‘தேயிலைக் கறை படிந்த விரல்களால் இவள் கணினியின் எழுத்துகளைத் தொடுகிறாள். தந்தையின் குடி, ஒழுகும் கூரை, ஒரே விளக்கைப் பங்கிடும் ஐந்து பேர். கடந்த வருடம் நாற்பத்தொரு நாட்கள் வறுமை இவளைப் பாடசாலையிலிருந்து பறித்துக்கொண்டது. அந்த நாட்களில் இவள் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். இந்த விரல்களைப் பாருங்கள்.’

சேர் இரண்டு தரம் வாசித்தார். “இதுதான் பிள்ளை. இதுதான் வேணும்” என்று சொல்லி என் தலையைத் தொட்டார். அவர் கை பட்ட இடத்தை வீட்டுக்கு வந்து கழுவினேன். ஆனாலும் உனக்கு மறைப்பானேன், அன்று முழுக்க என் வாக்கியங்களை நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுலோ கொழுந்து பறிப்பது பொய்யில்லை. கூரை ஒழுகுவதும் பொய்யில்லை.

அவளுக்கு இன்னும் காட்டவில்லை. மலர் அச்சாகி வரும்போது பார்க்கட்டும்.

துஷா


மட்டக்களப்பு,
02.09.2024

அன்புத் துஷா,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் பொடிக்குக் காத்திருக்கிறேன்.

உன் பக்கத்தை அறையில் வாசித்தேன். இருவர் அழுதேவிட்டார்கள். இதற்குப் பிறகும் அந்த நிதியம் சுலோவை எடுக்கவில்லையென்றால் அவர்களுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று அர்த்தம்.

ஒன்றைத்தான் கேட்க நினைத்தேன். அந்த நாற்பத்தொரு நாள் எப்போது? போன வருடம் ஒக்டோபர், நவம்பரா? அம்மா ஒப்பரேஷன் செய்து படுத்திருந்த மாதங்கள்தானே அவை. “வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பரீட்சையை விட்டுவிட்டு வராதே” என்று எனக்கு நீ எழுதியிருந்தாய். சமையலும் படிப்புமாக என் தங்கை தனி ஆளாக நின்றாள் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் சுலோ வகுப்புக்கு வரவில்லை என்று நீ ஒருபோதும் எழுதவில்லையே.

வேறு விசேஷமில்லை. விழாவைப் பற்றி எழுது.

அக்கா


கொஸ்லந்த,
06.10.2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது; பிந்தியதற்கு மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை விழா. அதை எழுதிவிட்டால் என் உடம்பிலிருந்து போய்விடுமோ என்று எழுதுகிறேன்.

மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பனர். சுலோவின் படம், பக்கத்தில் என் வாக்கியங்கள். கொழும்பிலிருந்து நிதியத்து ஆட்கள் நால்வர் வந்திருந்தார்கள். பொறுப்பானவர் றஷீனா மிஸ். அவர்களுக்குக் கோழி பனிசும் நெஸ்கோப்பியும் முன்வரிசையிலேயே பரிமாறினார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். மாலைகளில் நேற்றைய பூ, நசிந்து ஒரு இனிப்பு நாற்றம்.

மூன்றாவது வரிசையில் சுலோவின் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அவள் அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. சவரம் செய்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். தனேஸ்வரன் சேர் ஒலிவாங்கியில் பக்கத்தை வாசித்தார். குரலை எங்கே நடுங்க விடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘தந்தையின் குடி’ என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார். சுலோவின் அப்பா எழுந்தார். ஆட்களின் முழங்கால்களில் இடிபட்டு, ஒவ்வொருவரிடமும் “கொஞ்சம் வெலகுங்க” என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

சேர் வாசிப்பை நிறுத்தவில்லை. கடைசி வரி முடிந்ததும் கைதட்டல். நிதியத்து அம்மா ஒருவர், பனிசுத் துணுக்கு உதட்டில் ஒட்டியிருக்க, கடதாசியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். “கையக் காட்டுங்க மகள்” என்றார். சுலோ காட்டவில்லை. அவரே அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, சந்தையில் கிழங்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். படம் எடுத்தார்கள். ‘இந்த விரல்களைப் பாருங்கள்’ என்று அழைத்தவள் நான்தானே. பார்த்தார்கள்.

விழா முடிந்து வகுப்பறையில் சுலோ மேசையில் ஏறி நின்று அந்தப் பக்கத்தை வாசித்தாள். சேரைப் போலப் பேசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் என்னைப் போலப் பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக நக்கி நக்கி வைப்பது போல ஒரு குரல். என் குரல் அதுதான். எல்லோரும் சிரித்தார்கள், நிமலனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு இறங்கி என் பக்கத்தில் வந்து, “எங்கப்பா இன்னிக்கு சவரம் பண்ணிட்டு வந்தாரு. அதையும் எழுதிக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

துஷா


கொஸ்லந்த,
20.10.2024

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதிலில்லை. சுகமாக இருக்கிறாய் என்று அம்மா போனில் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். இது நானாக எழுதும் கடிதம்.

சுலோவின் பெயரை நிதியம் தெரிவுசெய்துவிட்டது. ஆனால் வரவு நூற்றுக்கு எண்பது இருக்க வேண்டுமாம். அந்த நாற்பத்தொரு நாளால் அவளுக்குக் குறைகிறது. நான் அந்த நாட்களை எழுதாமல் விட்டிருந்தால் யாரும் எண்ணியிருக்கவும் மாட்டார்கள். தக்க காரணத்தைப் பாடசாலை உறுதிப்படுத்தினால் போதும், நவம்பர் ஒன்பதாம் திகதி நேர்முகத்துக்குள் வேண்டும் என்று றஷீனா மிஸ் நேரில் வந்து சொன்னார். என்னையும் சுலோவையும் அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“அந்த நாள்ல கொழுந்து எடுக்கத்தானே போனீங்க மகள்?”

“இல்ல மிஸ்.”

“அப்ப எங்க போனீங்க?”

சுலோ ஜன்னலைப் பார்த்தாள். தனேஸ்வரன் சேர் அவசரமாக, “கொழுந்து எடுக்கப் போனதெண்டே எழுதுவம் மிஸ். வகுப்புத் தலைவி சாட்சிக் கையெழுத்து வைப்பா” என்று என்னைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

நீ செப்டெம்பரில் ஒரு கேள்வி கேட்டாய். விழாவைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவள் அதற்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த நாற்பத்தொரு நாளும் சுலோ எங்கள் வீட்டில் இருந்தாள்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று அப்பா மேல் லயத்துக்குப் போய், பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு அனுப்ப முடியுமா என்று சுலோவின் அம்மாவிடம் கேட்டார். காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டில் நின்று யாருக்கு எந்தத் தேயிலை நிரை என்று பிரித்துக் கொடுப்பவர் அப்பா. பாதையோர நிரையைக் கொடுப்பதும், கால் வைக்க இடமில்லாத பாறை நிரையைக் கொடுப்பதும் அவர் வாயில் இருக்கிறது. அவர் கேட்டால் அது கேள்வியா? மறுநாள் விடியவே சுலோ வந்தாள். சமைத்தாள், அம்மாவைத் துடைத்து எடுத்தாள், இரத்தத் துணிகளைத் துவைத்தாள். என் வெள்ளைச் சீருடையையும் துவைத்தாள். அவள் மடித்து வைத்ததைப் போட்டுக்கொண்டு நான் பாடசாலைக்குப் போய், வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்தேன். நாற்பத்தொரு தடவை, என் கையால்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் அப்பாவின் வேலை போகும் என்று, வெளியில் சொல்லமாட்டேன் என அம்மா அவளிடம் சத்தியம் வாங்கினார். அவள் காப்பாற்றுகிறாள். நான் அதற்கு ‘வறுமை’ என்று பெயர் வைத்து அச்சடித்தேன்.

மற்றவர்களின் முத்திரைப் பொய்யைப் பார்த்து முகம் சுளித்தவள் நான். என் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூசுகிறது.

நிதியத்துக்கு உள்ளதை எழுதப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்ய மனமில்லை.

துஷா


மட்டக்களப்பு,
01.11.2024

அன்புத் துஷா,

அவசரமாக எழுதுகிறேன். தயவுசெய்து எதையும் எழுதி அனுப்பாதே.

அப்பாவுக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம். வேலை போனால் தோட்டம் தந்த குவாட்டர்ஸ் போகும். அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு ஆசிரியர் நியமனம் வரும் நேரம், ஊரில் பெயர் கெடக் கூடாது. கொழுந்து எடுக்கப் போனாள் என்று நீ ஒரு கையெழுத்து வைத்தால் சுலோவுக்கு இடம் கிடைக்கும், நமக்கும் ஒன்றும் ஆகாது. அவளும் அதைத்தானே விரும்புவாள்.

நீ புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சுலோ வீட்டில் நிற்கிறாள் என்று அம்மா அப்போதே போனில் சொன்னார். செப்டெம்பரில் நான் கேட்டது தெரியாமல் இல்லை. அதை நீ எங்காவது எழுதிவிடுவாயோ என்று பார்க்கத்தான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பரீட்சை நெருங்குகிறது.

அக்கா


கொஸ்லந்த,
12.11.2024

அக்கா,

அம்மா சுகம். அப்பா ஐந்து நாளாக என்னோடு பேசுவதில்லை. மற்றபடி அவரும் சுகம்.

உன் கடிதத்தை இரண்டாவது தரம் வாசிக்க என்னால் முடியவில்லை. மடித்துப் பையில் வைத்தபோது நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று தெரிந்தது.

நிதியத்துக்கு எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் சுலோவிடம் காட்டினேன். மேல் லயத்துப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, ஈரக் கையோடு வாங்கி வாசித்தாள். மை கரைந்தது.

“நல்லாத்தான் எழுதியிருக்க. இத அனுப்புனா நீ சுத்தமாயிருவ. எங்கம்மா மறுநா எந்த நிரைக்குப் போவாங்க?”

“அப்ப நான் என்ன செய்யட்டும் சுலோ?”

“எழுதாம ஏதாச்சும் செய் புள்ள. ஒனக்கு வாய் இருக்குல்ல? ஒங்கப்பா எதுக்க, பெரட்டுல வந்து சொல்லு. எல்லாருக்கும் முன்னால வெளிய வந்துட்டா, எங்கம்மாவ பாறைக்கு அனுப்ப அவருக்கு மனசு வந்தாலும் வாய் வராது. மிஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன். சத்தியம் வாங்குனது ஒங்கம்மாதானே? அவங்ககிட்ட நீ போய் திருப்பிக் குடுத்துரு.”

அம்மாவிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏழாம் திகதி காலை பெரட்டுக்களத்துக்குப் போனேன். எனக்கு நாலு பேருக்கு முன் பேசுவதென்றால் நாக்கு உலர்ந்துவிடும் என்று உனக்குத் தெரியும். நாற்பது பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா கையில் பெயர் குறிக்கும் செக்ரோலோடு, “என்ன துஷா, அம்மாவுக்கு என்ன?” என்று பதறினார். போன வருடம் அம்மா படுத்திருந்தபோது சுலோ நாற்பத்தொரு நாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் வேலை செய்தாள், அப்பா கேட்டுத்தான் அவள் வந்தாள் என்று சொன்னேன். அவ்வளவுதான். இடி விழும் என்று நின்றேன்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இதச் சொல்லவா பாப்பா இந்தக் குளிர்ல வந்த?” என்றார் ஒரு அம்மா. “போன கணக்கப்புள்ள வீட்டுல எம் மூத்தவ ரெண்டு வருசம் புள்ள தூக்குனா.”

“எம்மவ டீமேக்கர் வீட்டுல. எட்டாப்போட பள்ளிக்கூடம் போச்சு.”

“எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ரகசியம்னு பொத்தி வச்சிருந்தது ஒங்க வீடு மட்டுந்தான்.”

சிரிப்பு வரிசை வரிசையாக வந்தது. அதில் கோபம்கூட இல்லை. கோபப்படவாவது செய்திருக்கலாம். சுலோவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துண்டை இழுத்து முடிந்துகொண்டு அப்பாவை நேராகப் பார்த்தார். அப்பா செக்ரோலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சுலோவின் அம்மாவுக்கு வழக்கமான நிரையையே சொன்னார். முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை, இரண்டாம் தரம் சொன்னார்.

இனி ஒன்பதாம் திகதி நடந்த நேர்முகத்தைச் சொல்கிறேன். மிஸ் கேட்க முன்னமே சுலோ சொல்லிவிட்டாளாம். யார் வீடு, யார் கேட்டது, எத்தனை நாள் எல்லாம். மிஸ்ஸின் பேனா நின்றுவிட்டது. அதை அவள் மிஸ்ஸின் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டினாள்: “இது நிர்வாகத்தோட சம்பந்தப்பட்ட விசயமாச்சே மகள். நாங்க தோட்டத்துக்குள்ள வாரதே அவங்க பேமிஷன்லதானே. நீங்க கொழுந்து எடுத்தன்னு சொல்லியிருந்தா ஈஸி.”

வறுமைக்கு ஒரு முகவரி இருந்தால் அவர்களுக்கு வேண்டாம்.

துஷா


மட்டக்களப்பு,
18.11.2024

துஷா,

அப்பா போனில் அழுதார். பிறந்து வளர்ந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. நினைத்ததைச் செய்துவிட்டாய். அதனால் சுலோவுக்கு என்ன கிடைத்தது?

பரீட்சையை நன்றாக எழுது. மழை அதிகம் என்கிறார்கள், மண்சரிவுப் பக்கம் போகாதே.

தர்மிளா


கொஸ்லந்த,
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு நீ வராதது அம்மாவுக்குக் குறைதான். அப்பா இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். துரைக்குச் செய்தி எட்டியது. கூப்பிட்டு ஏசியிருக்கிறார், வேலை போகவில்லை. நீயும் நானும் பயந்தது அதற்குத்தான். ஒரு ஏச்சோடு முடிந்துவிட்டது.

பரீட்சை எழுதிவிட்டேன். சுலோவும் எழுதினாள். அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் கிடைக்கவில்லை. போன கிழமை நிதியத்திலிருந்து பாடசாலைக்குக் கடிதம் வந்தது. ‘செல்வி சுலோஜனாவின் வரவு நிபந்தனையைப் பூர்த்தி செய்யாமையால்’ என்று தொடங்கி, கீழே இன்னொரு பந்தி: ‘மலரில் வெளிவந்த அப்பக்கத்தை எழுதிய மாணவியின் திறமையும் சமூக அக்கறையும் எம்மைக் கவர்ந்துள்ளன. அவ்விடத்தை அவருக்கு வழங்க விரும்புகிறோம்.’

நான் எழுதிய அந்தப் பக்கத்துக்கு அவளுடைய இடம்.

தனேஸ்வரன் சேர் என் கையைக் குலுக்கினார். அப்பாவின் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அம்மா கேசரி கிண்டி குவாட்டர்ஸ் முழுக்கக் கொடுத்துவிட்டார். அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று நிதியத்துக்கு எழுதிப் போட்டேன். இரண்டே வரி. அதில் ஒரு அழகான சொல்லும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அதைச் சுலோவிடம் சொல்லப் பண்டாரவளைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிஸாம் நானாவின் கடையில் போன் திருத்தப் பழகுகிறாள். கையில் ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டாள்.

“நீ வேணாம்னா அந்த எடம் எனக்கு வருமா?”

“வராது. யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்.”

“அப்ப யாருக்குப் பிரயோசனம்?” திருகாணி ஒன்றை மேசையில் வைத்தாள். “வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு குவாட்டர்ஸ் வேணும் புள்ள. எங்க லயத்துல ஒருத்தியும் சொல்ல மாட்டா. சரி, தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற.”

தள்ளி நின்றேன். பத்து நிமிடம் கழித்து, “டீ குடிக்கிறியா?” என்று கேட்டாள். குடித்தோம். அதற்கு மேல் அவளைப் பற்றி நான் எழுதமாட்டேன். உனக்கும்.

இந்தக் கடிதம் எழுதுவது வேறொன்றுக்காக. அம்மாவின் தையல் உள்ளே பிரிந்திருக்கிறதாம். பெப்ரவரி பத்தாம் திகதி பதுளையில் மறுபடி ஒப்பரேஷன், அதுவரைக்கும் அவர் எழுந்து வேலை செய்யக் கூடாதாம். வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்தி தாயோடு நிற்கிறாள். பத்தாம் வகுப்பு. சீருடைக்கு மேலே பழைய சுவெட்டர், கையில் ஒரு துணிப் பை. எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். அப்பா கேட்டிருக்கிறார். பெரட்டில் அத்தனை பேர் சிரித்த பிறகும் கேட்டிருக்கிறார், அவர்களும் அனுப்பியிருக்கிறார்கள்.

நேரமாகிறது, பள்ளிக்கூடத்துக்குப் போ என்று அவளை அனுப்பிவிட்டேன். தாய் என்னை நம்பவில்லை. நான் பெரட்டு வரைக்கும் கூடப் போய் அப்பாவின் வாயால் சரி என்று சொல்ல வைத்த பிறகுதான் மலைக்கு ஏறினார்.

பெரட்டில் சொன்னது சுலபம், அக்கா. சட்டியும் துணியும் இனித்தான் இருக்கிறது. ஒருத்தியால் முடியாது, அம்மாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மொனராகலையில் பஸ் மாறி, எட்டாம் திகதிக்கு முன் வந்துவிடு. கல்லூரியில் லீவு தரமாட்டார்கள் என்று எனக்கு எழுதாதே. வர முடியாதென்றால், அதையும் வந்து அம்மாவுக்கு முன்னால் நின்று சொல்.

துஷாந்தினி